யாத்திரையும் தேக சௌக்கியமும்

இறைவனைத் தேடி நெடுந்தூரம் செல்லும் ஒருவன், தான் ஏறிச் செல்லும் வாகனம் தன் முதுகுக்கும் இடுப்புக்கும் இதமாயிருக்க வேண்டுமென்று ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது பக்திக்கு இழுக்காகுமா என்னும் கேள்வி, மேற்போக்காக நோக்குவார்க்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும், சரீரத்துக்கும் ஆன்மாவுக்கும் உள்ள சம்பந்தம் யாது, துன்பத்துக்குத் தன்னளவிலேயே ஒரு புண்ணியம் உண்டோ என்று நம் சமயச் சான்றோர் நெடுங்காலமாக விசாரித்துவந்த பெரிய வினாக்கள் யாவும் இச்சிறு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கின்றன. குளுவாங்கில் இக்கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. ஜொகூர் மாநிலத்தின் நடுவே, லம்பாக் மலையை அடுத்து, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாலும் இக்காலத்தில் செம்பனைத் தோட்டங்களாலும் சூழப்பட்ட இவ்வூரிலிருந்து நோக்கினால், மலேசியத் தமிழர் பெரிதும் போற்றும் தலங்கள் யாவும் தொலைவிலேயே உள்ளன. தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்ல வேண்டுமானால் ஆயர் ஹீத்தாமில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, மொத்தம் 250 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பங்குனி உத்திரத்துக்குப் பகாங் மாநிலத்து மாரான் மரத்தாண்டவர் சந்நிதிக்குச் செல்வோர், யோங் பெங், லாபிஸ், சிகாமட் ஆகிய ஊர்களைக் கடந்து, அப்பாலும் காடும் செம்பனையும் மாறிமாறி வரும் நீண்ட சாலையில் செல்ல வேண்டும். தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்கப் பினாங்கு வரை போகிறவர்களும் உண்டு. முன்னாளில் தோட்டத்து மக்கள் லோரிகளிலும் வாடகைப் பேருந்துகளிலும் கூட்டமாகச் சென்றார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் பலர் மோட்டார்சைக்கிளில் செல்கிறார்கள். அவர்கள் வழக்கமாக வேலைக்கு ஓட்டிச் செல்லும் சிறு கப்சாய் வண்டியை விட்டு, நெடும்பயணத்துக்கென்றே இதமான வண்டி ஒன்றை வாங்க விரும்பும்போது, வீட்டுப் பெரியவர்கள் முகஞ்சுளித்து, "சாமி கும்பிடப் போகிறவனுக்குச் சொகுசு எதற்கு?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

பெரியவர்களின் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. அதற்குப் பின்னே நிற்பவர்கள் சாமானியர் அல்லர். திருக்கயிலையைக் காலால் மிதித்தல் தகாதென்று எண்ணித் தலையாலேயே நடந்து சென்ற காரைக்கால் அம்மையாரும், அம்மலையை நோக்கித் தள்ளாத வயதில் புறப்பட்டு, பாதங்கள் தேய்ந்தபோது கைகளால் ஊன்றியும், கைகள் தேய்ந்தபோது மார்பினால் உந்தியும், அதுவும் இயலாதபோது புரண்டும் சென்ற திருநாவுக்கரசரும் நின்று பேசும் பேச்சு அது. தேகத்தைத் துரும்பாக மதித்த அம்மகான்களின் சரிதத்தைப் பெரிய புராணத்திற் கேட்டு வளர்ந்த ஒரு சமூகம், இருக்கையின் நுரையைக் குறித்தும் கைப்பிடியின் உயரத்தைக் குறித்தும் கவலைப்படும் யாத்திரிகனைக் கண்டு ஐயுறுமானால் அது இயல்பே.

எனினும் அதே பெரிய புராணத்தை முழுமையாகக் கேட்டவர்கள் வேறொரு காட்சியையும் அறிவார்கள். திருநெல்வாயில் அரத்துறையை நோக்கிச் சென்ற ஞானசம்பந்தர் சிறு குழந்தை. தந்தையார் தோளில் ஏறிச் செல்வதைத் தவிர்த்துத் தாமே நடக்கத் துணிந்தார். மெல்லிய பாதங்கள் நொந்தன. மாறன்பாடியில் இரவு தங்கினார். அன்றிரவு இறைவன் அரத்துறை அடியார்களின் கனவில் தோன்றி, தன் ஆலயத்திலே முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் சின்னங்களும் இருக்கும், அவற்றைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று பணித்ததாகச் சேக்கிழார் கூறுகிறார். நடந்து வரும் குழந்தையின் காற்புண்ணை ஒரு காணிக்கையாக ஏற்றுக்கொள்ள இறைவனுக்கு மனமில்லை. சுந்தரரோ வெள்ளை யானைமேல் கயிலை சேர்ந்தார். அவருடைய தோழர் சேரமான் பெருமாள் குதிரைமேல் உடன் போனார். தலையால் நடந்தவரும், புரண்டு சென்றவரும், சிவிகையில் வந்தவரும், யானையேறியவரும் அறுபத்துமூவரில் ஒரே வரிசையில் வைத்து வணங்கப்படுகிறார்கள்; எவருடைய பயணம் கடினமானதென்று அளந்து, அதற்கேற்ப உயர்வு தாழ்வு கற்பித்தவர் எவரும் இல்லை. நாவுக்கரசர் கதையின் முடிவையும் மறக்கலாகாது. உறுப்பெலாம் தேய்ந்த அவரை இறைவன் கயிலைமலைக்கு இழுத்துக்கொள்ளவில்லை. முனிவர் வேடத்தில் வந்து தடுத்து, பொய்கையில் மூழ்கச் செய்து, தேய்ந்த அங்கங்களை மீண்டும் வழங்கி, சோழநாட்டுத் திருவையாற்றிலே எழச்செய்து, அங்கேயே கயிலைக் கோலத்தைக் காட்டினான். அடியவனின் ஆர்வத்தை ஏற்ற இறைவன், அவனுடைய தேக நாசத்தை ஏற்கவில்லை என்றே இவ்வரலாற்றை நான் பொருள் கொள்கிறேன்.

விரதமாக ஏற்கும் துன்பம் ஒருவகை. அஜாக்கிரதையால் வந்துசேரும் துன்பம் வேறொரு வகை. பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுகிறவன், பல நாள் நோன்பிருந்து, புலன்களை ஒடுக்கி, குருவின் கண்காணிப்பில், இருபுறமும் உற்றார் தாங்கி வர, எல்லை வகுத்த ஒரு துன்பத்தைத் தானே விரும்பி ஏற்கிறான். அவன் தள்ளாடினால் பிடித்துக்கொள்ளப் பத்துக் கைகள் உண்டு. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, பொருந்தாத இருக்கையால் இடுப்பு மரத்து, அதிர்வால் விரல்கள் உணர்விழந்து, காற்றின் அறைவால் கழுத்து சோர்ந்து, கண்கள் தாமே மூடிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவனைத் தாங்க யாரும் இல்லை. அவன் தவறினால் அவன் மாத்திரம் அழிவதில்லை. பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியும், எதிரே வரும் அந்நியனும் அழிகிறார்கள். பிறர் உயிர் சம்பந்தப்பட்டிருக்கும் இடத்தில் தன் சோர்வைத் தவமென்று பாராட்டிக்கொள்ளும் அதிகாரம் எவனுக்கும் கிடையாது. வாகனம் ஏறுவதே உயிர்க்கு ஊறு செய்யுமென்று கருதி வெறுங்காலால் நடக்கும் ஜைன முனிவர்களின் நெறி முழுமையும் நேர்மையும் உடையது. அந்நெறியை ஏற்காமல் இயந்திரத்தின்மேல் ஏறிவிட்டவனுக்கு, விழிப்புக் குன்றாமல் அதனைச் செலுத்துவதே அஹிம்சையாகும்.

இவ்விஷயத்தில் நான் அறிந்த மிகப் பழைய விசாரணை புத்தர்பிரானுடையது. செல்வந்தர் ஒருவரின் மகனான சோணர் துறவு பூண்டு, இராஜகிருகத்துக்கு அருகில், நடந்தபடியே தியானம் பழகும்போது, மென்மையாக வளர்ந்த பாதங்கள் வெடித்து, நடைபாதையெங்கும் இரத்தம் சிந்தியது. இவ்வளவு வருந்தியும் பயன் காணவில்லையே என்று அவர் மனம் தளர்ந்தபோது, புத்தர் வந்து, வீணை வாசிப்பில் வல்லவரான அவரிடம், நரம்பை அளவுக்கு மேல் முறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை பிறக்குமா என்று வினவிய வரலாறு பலரும் அறிந்தது. அதன் பின் நிகழ்ந்ததைப் பலர் கூறுவதில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. புத்தர் சோணருக்கு ஒற்றைத் தோலாலான பாதரட்சை அணிய அனுமதி அளித்தார். தமக்கு மட்டும் அச்சலுகை வேண்டாம், சங்கம் முழுவதற்கும் தந்தால் ஏற்பேன் என்றார் சோணர். அவ்வாறே துறவியர் அனைவர்க்கும் அனுமதி வழங்கப்பட்டது. ஒற்றைத் தோல் போதும், அடுக்கடுக்காகத் தோல் வைத்த பாதரட்சை வேண்டாம் என்று எல்லையும் விதிக்கப்பட்டது. பிற்பாடு, அவந்தி நாட்டு நிலம் கரடுமுரடானது, மாடுகளின் குளம்பு பட்டு இறுகியது என்று அங்கிருந்து விண்ணப்பம் வந்தபோது, அத்தகைய எல்லைப்புற நாடுகளில் வாழ்வோர் அடுக்குத் தோல் பாதரட்சையும் அணியலாம் என்று விதி தளர்த்தப்பட்டது.

அனைத்தையும் துறந்த கூட்டத்தினர், பயணத்தில் காலுக்கு எவ்வளவு இதம் தகும் என்பதை இத்துணை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். சௌகரியத்தை முற்றும் விலக்கவும் இல்லை, கட்டின்றி விடவும் இல்லை. நடக்கிறவனின் தேகத்தையும் நடக்கப்படும் நிலத்தையும் பார்த்து அளவு வகுத்தார்கள். மோட்டார்சைக்கிள் வாங்குகிறவனுக்கு இதைக் காட்டிலும் சிறந்த விதி ஒன்றை நான் எங்கும் கண்டதில்லை.

அப்படியானால் அளவு எது? யோக சூத்திரம் செய்த பதஞ்சலி, தியானத்துக்கு அமரும் நிலைக்கு இரண்டே லட்சணங்கள் கூறினார்: அது அசையாதிருக்க வேண்டும், இதமாயிருக்க வேண்டும். இவ்விரண்டும் கூடினால், உடல் தன்னை நினைவூட்டிக்கொண்டிராமல் ஒதுங்கி நின்று, மனம் ஏகாக்கிரமாகச் செல்ல இடமளிக்கும் என்பதே அதன் கருத்து. சாலையில் செல்வோனுக்கும் இதுவே உரைகல். எந்த வண்டியில் ஏறி இரண்டு மணி நேரம் சென்ற பிறகும் உடம்பின் நினைவு மேலெழாமல், கண் சாலையிலும் மனம் செல்லும் தலத்திலும் நிலைத்திருக்கிறதோ, அதுவே இதமான வண்டி. கடையில் நிறுத்தியிருக்கும்போது கையால் அமுக்கிப் பார்த்து, பஞ்சுபோல் அமிழும் இருக்கையை மெச்சி வாங்குகிறவர்கள் இவ்விடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மிக மெல்லிய நுரை முதல் அரைமணியில் சுகம் தரும். பின்னர் உடலின் பாரத்தால் முற்றும் அமிழ்ந்துபோக, அமர்வெலும்புகள் அடித்தகட்டில் மோதி, பாரமனைத்தும் அவ்விரு இடங்களிலேயே குவிந்து வேதனை தொடங்கும். சற்றுக் கெட்டியாகவும் அகலமாகவும் உள்ள இருக்கை, தொடக்கத்தில் கடுமையாகத் தோன்றினாலும், பாரத்தைப் பரப்பித் தாங்கி, நாலாவது மணியிலும் அதே நிலையில் வைத்திருக்கும். கணப்பொழுதின் சுகமும் நிலைத்த சுகமும் வேறு வேறு என்று நம் ஆசிரியர்கள் ஓயாமற் கூறிய உண்மை இங்கே நுரையிலும் தோலிலும் நிரூபணமாகிறது.

இருக்கையை மட்டும் ஆராய்ந்தாலும் போதாது. இருக்கை, கைப்பிடி, கால்தாங்கி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதே ஓட்டுகிறவனின் முதுகைத் தீர்மானிக்கிறது. பந்தய வண்டிகளில் கைப்பிடி தாழ்ந்தும் கால்தாங்கி பின்னேறியும் இருப்பதால் மேலுடலின் பாரம் மணிக்கட்டுகளில் இறங்குகிறது. கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்து அமரும் வண்டிகள் பார்வைக்குச் சிம்மாசனத்தின் கம்பீரம் உடையவை; ஆனால் சாலைக் குழிகளின் அதிர்ச்சியைக் கால்கள் ஏற்க வழியின்றி, அது நேரே முதுகந்தண்டில் ஏறிவிடுகிறது. நிமிர்ந்து அமர்ந்து, முழங்கை சற்றே மடங்கி, பாதம் உடலுக்கு நேர்கீழே ஊன்றியிருந்தால், மேடுபள்ளம் வரும்போது சிறிது எழுந்து கொடுக்கலாம், முதுகு பிழைக்கும். சிறு ஒற்றைச் சிலிண்டர் எந்திரங்கள் நெடுஞ்சாலை வேகத்தில் இடைவிடாது அதிர்ந்து, கைப்பிடி வழியே விரல்களை மரக்கச் செய்யும்; இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் இத்தொல்லை பெரும்பாலும் குறைவு. காற்றுத்தடுப்புக் கண்ணாடி மார்பின்மேல் மோதும் காற்றைத் தணிக்கும். ஆனால் உயரம் பொருந்தாத கண்ணாடி, காற்றைச் சுழற்றித் தலைக்கவசத்தின்மேல் அறைந்து, இல்லாமையினும் கேடாய் முடியும். எந்திரத்தின் வெப்பம் தொடைமேல் வீசாதிருப்பது ஐரோப்பியனுக்குச் சிறு விஷயம். நண்பகல் வெயிலில் சிகாமட் சாலையில் செல்பவனுக்கு அது பெரிய விஷயம். அவந்தி நாட்டுக்குத் தனி விதி செய்த நியாயம் இங்கேயும் செல்லும்: குளிர் நாட்டு மலைச்சாலைகளுக்காகச் செய்த வண்டியின் புகழ் நம் வெயிலுக்கும் மாலை மழைக்கும் அப்படியே பொருந்திவிடாது.

அளவுக்கு மிஞ்சியதும் இடையூறே. ஆறு சிலிண்டரும் 1,833 சிசி எந்திரமும் கொண்ட ஹோண்டா கோல்ட் விங்கின் இருக்கைக்கு நிகர் அரிது. ஓடும்போது அது நிகரற்ற இதமும் தருகிறது. ஆனால் 350 கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடையை, மழை பெய்து வழுக்கும் பெட்ரோல் நிலையச் சரிவிலும், திருவிழாக் கூட்டம் நெருக்கும் கோயில் வாசலிலும் தள்ளித் திருப்ப வேண்டியவனுக்கு, அதன் விலையையும் வண்ணப்பூச்சையும் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளும். சந்நிதியில் நிற்கும்போது வாசலில் நிறுத்திய வண்டியின் ஞாபகமே வருமானால், அவனுக்குச் சௌகரியம் கிட்டிற்று என்று எப்படிச் சொல்வது? அடுக்குத் தோலை விலக்கி ஒற்றைத் தோலோடு நிறுத்தியதன் உட்பொருள் இதுவே.

உடலே பொய்த் தோற்றம், அதன் நோவும் பொய் என்று சொல்லி இவ்வாராய்ச்சி முழுவதையும் ஒதுக்கிவிடுவார் சிலர். ராபர்ட் பிர்சிக் என்னும் அமெரிக்கர் 1968-இல் தம் சிறு மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு 305 சிசி ஹோண்டா வண்டியில் மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை சென்று, அப்பயணத்தை வைத்து ஒரு தத்துவ நூல் எழுதி 1974-இல் வெளியிட்டார். அவர் இளமையில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். உலகம் மாயை என்று ஆசிரியர் விளக்கியபோது, ஹிரோஷிமாவில் விழுந்த குண்டும் மாயையோ என்று கேட்டு, ஆம் என்ற விடை பெற்று, அவ்வகுப்பை விட்டு வெளியேறியதாக அந்நூல் கூறுகிறது. மாயாவாதத்தின் ஆழத்தை அம்மறுமொழி முற்றிலும் காட்டிவிட்டதென்று நான் எண்ணவில்லை. எனினும் பிர்சிக்கின் அதிருப்தியில் நியாயம் உண்டு. நம் சைவ சித்தாந்தமோ அவரை அவ்வாறு வெளியேற விட்டிராது. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உண்மைப் பொருள்களே. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, விடியும்வரை வழிகாட்டும் விளக்காக இறைவன் அவற்றை மாயையிலிருந்து தோற்றுவித்துத் தந்தான் என்பது சித்தாந்தம். தேகம் பொய்யும் ஆகாது, தெய்வமும் ஆகாது. ஒரு பிரயோஜனத்துக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சாதனம். உடம்பை இழிவென்று முன்பு எண்ணிப் பின்னர் அதனுள்ளே உறுபொருள் கண்டு பேணத் தொடங்கியதாகத் திருமூலர் உரைப்பதும் இந்நெறியே. சாதனமாகிய உடலைச் சுமக்கும் மற்றொரு சாதனமாகிய வண்டியும் இம்முறையிலேயே பேணத்தக்கது. ஆயுத பூஜையன்று நம்மவர் அதற்குச் சந்தனம் இட்டு மாலை சூட்டுவதன் தாத்பரியமும் வேறில்லை.

சௌகரியத்தைப் பற்றி இத்துணை பேசிய பின், முத்துச் சிவிகையை யார் சுமந்தார் என்பதையும் பேசியாக வேண்டும். திருப்பூந்துருத்திக்கு ஞானசம்பந்தர் சிவிகையில் வந்தபோது, முதியவராகிய நாவுக்கரசர் கூட்டத்தோடு கலந்து, சிவிகை தாங்குவாரோடு தாமும் ஒருவராய்த் தோள் கொடுத்து வந்தார். தாம் அப்பர் என்று அழைக்கும் அவர் எங்கே என்று ஞானசம்பந்தர் கேட்டதும், உம் அடியேன் இங்கே சுமந்து வருகிறேன் என்று கீழிருந்து மறுமொழி வந்தது. சம்பந்தர் பதறிக் கீழே குதித்து வணங்கினார். தன் இதத்தைத் தாங்கும் தோள் யாருடையது என்று உணர்ந்த கணத்தில் அவர் இருக்கையில் தங்கியிருக்கவில்லை. குளுவாங்கிலிருந்து புறப்படும் நமக்கும் அத்தகைய தோள்கள் உண்டு. தமிழகத்திலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டு, பொழுது விடியுமுன் இருட்டில் எழுந்து, இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமாரின் முதுகு வளைந்ததனாலன்றோ உலகத்துச் சாலைகளில் ரப்பர்ச் சக்கரங்கள் மெத்தென்று ஓடின! அவர்களுள் பெரும்பாலோர் தம் காலுக்கு நல்ல செருப்பும் காணாதவர்கள். அவர்களுடைய சந்ததியார் இதமான இருக்கையில் அமர்ந்து முருகனைக் காணச் செல்வதில் ஒரு குற்றமும் இல்லை. அம்மூதாதையரே அதனைக் கண்டு மகிழ்வார்கள் என்று நான் மனமார நம்புகிறேன். ஆனால் உடன் வருவோரின் இதத்தை மறந்த சுகம் அவர்களுடைய பேரர்களுக்கு அழகாகாது. பெரும்பாலான வண்டிகளில் பின்னிருக்கை ஒரு சாண் அகலமும் பிடிக்க இடமுமின்றி, கால்தாங்கி உயர்ந்து முழங்காலை மடக்கி வருத்தும்படி அமைந்திருக்கிறது. வாங்குகிறவர் ஒருபோதும் அங்கே அமர்ந்து பார்ப்பதில்லை. தமக்குக் கிடைத்த பாதரட்சையைச் சங்கம் முழுவதற்கும் கேட்ட சோணரின் நெஞ்சு இங்கே வேண்டும்.

குளுவாங் அன்பர்கள் என்னிடம் கேட்பதற்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 250 சிசி வரை ஓட்டும் பி2 உரிமம் மட்டும் உடையவர், அவ்வரம்புக்குள்ளேயே நிமிர்ந்து அமரும் வண்டியை நாடுவது தக்கது. கடன்பட்டுப் பெரிய வண்டிக்குத் தாவ வேண்டியதில்லை. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் போன்ற வண்டிகள் அமர்வுக்கு நல்லவையாயினும் 250 சிசியைக் கடந்தவையாதலால் அவற்றுக்கு அவ்வுரிமம் போதாது. மேல் உரிமம் உள்ளவர்க்கும், மனைவியோடு செல்வோர்க்கும், 500 சிசி அளவிலான இரட்டைச் சிலிண்டர் வண்டி இவ்வூர்ச் சாலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் தாராளமாகப் போதும். புது வண்டிக்கு வசதியில்லாதவர் வருந்த வேண்டா: 1958-இல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப்பின் வழிவந்த கப்சாயே நிமிர்ந்து அமரும் நல்ல வண்டி, அதன் இருக்கையைக் கெட்டி நுரையிட்டு மாற்றித் தைத்து, பின் அப்சார்பரைப் புதுப்பித்து, வேகத்தைக் குறைத்து, ஒன்றரை மணிக்கொருமுறை இறங்கி நின்று சென்றால், அதுவும் மாரானுக்குக் கொண்டு சேர்க்கும். எதுவாயினும், பணம் கட்டுமுன் நண்பரிடமோ கடையிலோ அவ்வண்டியை இரவல் பெற்று, ககாங் வழியாக மெர்சிங் வரை போய் வாருங்கள். திரும்பி வரும்போது, நம்பிக்கையான ஒருவரை ஓட்டச் சொல்லி, பின்னிருக்கையில் நீங்கள் அமர்ந்து வாருங்கள்.